லேப்டாப்பில் எழுதும் கோடு சர்வரிலும் அப்படியே இருக்க: ஆர்சிங்க் அமைக்கும் முழு வழிகாட்டி

எழுதுவது ஒரு கணினியில், பில்ட் செய்வதோ சோதிப்பதோ இன்னொன்றில். இப்படி வேலை பார்ப்பவர்களுக்கான வழிகாட்டி இது. நெட்வொர்க் வழியே ஒரு சோர்ஸ் ஃபோல்டரை இன்னொரு கணினியில் அச்சு அசலாக வைத்திருக்க ஆர்சிங்க் என்ற கட்டளைவரிக் கருவி போதும். ஒரே வரியில் வேலை முடியும் என்பதால் புதிதாக வருபவர்கள் நேராக அந்த ஒரு வரிக்குப் போய்விடுகிறார்கள். எங்கோ கண்ட கட்டளையை அப்படியே ஒட்டி, அதில் --டெலீட் (அசலில் இல்லாததை நகலிலிருந்து அழிக்கும் ஆப்ஷன்) இருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல், அன்றைக்கே கிரானிலும் (குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் வசதி) போட்டுவிடுவார்கள். மறுநாள் "சர்வரில் இருந்த ஃபைலைக் காணோம்" என்று வந்து நிற்பார்கள். கட்டளையைப் பார்த்தால் அதில் பெரும்பாலும் பிழை இருக்காது. எதை முதலில் செய்வது, எதைக் கடைசியில் செய்வது என்பதில்தான் கோளாறு.

கட்டளைகளையும் ஃபைல் பெயர்களையும் இங்கே ஒலிக்கும்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். டெர்மினலில் வழக்கமான ஆங்கில எழுத்தில் அடியுங்கள். ஆப்ஷன்களை நீள வடிவிலேயே எழுதியிருக்கிறேன். உங்கள் ஸ்கிரிப்டிலும் அப்படியே எழுதுங்கள். ஒற்றை எழுத்துச் சுருக்கங்கள் அடிக்கச் சுலபம், ஆறு மாதம் கழித்துப் படிக்கச் சுலபமில்லை.

## 1. எந்தப் பக்கம் அசல் என்று முடிவு செய்யுங்கள்

ஆர்சிங்க் ஒருவழிப் பாதை. இடப்பக்கம் எழுதுவது அசல், வலப்பக்கம் எழுதுவது நகல். நகலில் யாராவது கை வைத்தால் அடுத்த ஓட்டத்தில் அது அழிந்துபோகும். இரண்டு பக்கமும் திருத்தியிருந்தால் எதை வைத்துக்கொள்வது என்று அது உங்களைக் கேட்காது.

இதைத் தவிர்க்கச் சிலர் --அப்டேட் ஆப்ஷனைப் போட்டு, முதலில் இங்கிருந்து அங்கே, அப்புறம் அங்கிருந்து இங்கே என்று இரண்டு முறை ஓட்டுகிறார்கள். நகலில் இருப்பது புதியதாக இருந்தால் அந்த ஆப்ஷன் தொடாமல் விடும், அவ்வளவுதான். ஒரே ஃபைலில் இரண்டு பக்கமும் மாற்றம் இருந்தால் பழைய நேரம் உள்ளது காணாமல் போகும். இங்கே அழித்த ஃபைல் அங்கிருந்து திரும்பி வந்து உட்காரும். இரண்டு பக்கமும் எழுதித்தான் ஆக வேண்டும் என்றால் கோடின் பதிப்புகளைக் காக்கும் கிட்டைப் பயன்படுத்துங்கள், அல்லது இருவழி ஒத்திசைவுக்கென்றே உள்ள யூனிசனைப் பாருங்கள். இந்த வழிகாட்டி உங்களுக்கு வேண்டாம்.

கிட்டுக்குப் பதிலாகவும் இதை நினைக்க வேண்டாம். நீங்கள் தவறாக அழித்த ஃபங்ஷனை ஆர்சிங்க் நொடியில் அந்தப் பக்கமும் அழித்துத் தரும். பழைய பதிப்பு என்று ஒன்று அதனிடம் கிடையாது.

கிட் தன் பதிவுகளை வைத்திருக்கும் டாட் கிட் ஃபோல்டரையும் அனுப்புவதா என்பதை இங்கேயே முடிவு செய்துவிடுங்கள். பில்டுக்கு மட்டும் என்றால் வேண்டாம் என்பேன். கமிட் நடந்துகொண்டிருக்கும் நேரத்தில் நகலெடுத்தால் அந்த ஃபோல்டர் பாதி பழையது, பாதி புதியது என்று போய்ச் சேரக்கூடும். பதிப்பு எண்ணைக் கிட்டிடம் கேட்டு வாங்கும் பில்ட் என்றால் மட்டும் அனுப்ப வேண்டியிருக்கும்.

## 2. தொடங்குமுன் சரிபார்க்க வேண்டியவை

ஆர்சிங்க் இரண்டு கணினியிலும் நிறுவப்பட்டிருக்க வேண்டும். பலர் தவறவிடுவது இதைத்தான். எஸ்எஸ்எச் (இன்னொரு கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் இணைப்பு) வழியாகப் போனாலும் மறுமுனையில் இன்னொரு ஆர்சிங்க் கிளம்பி இதோடு பேசினால்தான் வேலை நடக்கும். இரண்டு இடத்திலும் --வெர்ஷன் கொடுத்துப் பாருங்கள். பதிப்பு ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, இருவருக்கும் பொதுவான நெறிமுறையைத் தாங்களே பேசி முடிவு செய்துகொள்ளும். மேக்கில் கூடவே வருவது நெடுங்காலம் 2.6.9 என்ற மிகப் பழைய பதிப்பாக இருந்தது. புதிய மேக்குகளில் ஓப்பன்ஆர்சிங்க் வருகிறது. இரண்டிலுமே புதிய ஆப்ஷன்கள் சில இருக்காது. மேக்கில் நிரல்களை நிறுவும் ஹோம்ப்ரூ வழியாக ஒன்றைத் தனியே நிறுவிக்கொள்வது நல்லது. விண்டோஸ் என்றால் டபிள்யூஎஸ்எல்லுக்குள் (விண்டோஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் வசதி) ஓட்டுங்கள். கோடையும் டபிள்யூஎஸ்எல்லின் சொந்த ஃபைல் சிஸ்டத்திலேயே வையுங்கள். சி டிரைவில் வைத்தால் எல்லா ஃபைலுக்கும் எல்லா அனுமதியும் இருப்பதாகக் காட்டும், அது அப்படியே சர்வருக்கும் போகும்.

அடுத்தது கடிகாரம். ஆர்சிங்க்குக்குக் கடிகாரம் பற்றிக் கவலையில்லை. அது ஃபைலின் நேரத்தையும் சேர்த்தே நகலெடுத்து, அந்த நேரங்களைத்தான் ஒப்பிடுகிறது. ஆனால் மேக் (ஆப்பிள் கணினி அல்ல, மேக்ஃபைலைப் படித்துக் கம்பைல் செய்யும் கருவி) போன்ற பில்ட் கருவிகளுக்குக் கவலை உண்டு. கம்பைல் செய்து கிடைக்கும் ஆப்ஜெக்ட் ஃபைலின் நேரம் சர்வர் கடிகாரப்படி, சோர்ஸ் ஃபைலின் நேரம் லேப்டாப் கடிகாரப்படி. லேப்டாப் ஐந்து நிமிடம் பின்தங்கியிருக்கிறது என்று வையுங்கள். சர்வரில் 10:00 மணிக்கு பில்ட் ஆனது. 10:02-க்கு நீங்கள் ஒரு வரியைத் திருத்துகிறீர்கள். ஃபைலில் பதிவாகும் நேரம் 9:57. ஒத்திசைந்து போய்ச் சேர்ந்த பிறகும், ஆப்ஜெக்ட் ஃபைல்தான் புதியது என்று நினைத்து மேக் கம்பைல் செய்யாமல் விட்டுவிடும். திருத்தம் அங்கே இருக்கிறது, ஓடும் நிரலில் இல்லை. இதைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். இரண்டு கணினியிலும் கடிகாரத்தைச் சரியாக வைக்கும் என்டிபி ஓடுகிறதா என்று இப்போதே பாருங்கள்.

## 3. எஸ்எஸ்எச்சைத் தனியாகச் சரிசெய்யுங்கள்

ஆர்சிங்க் கட்டளையை அடிக்கும் முன் எஸ்எஸ்எச் மட்டும் சுத்தமாக வேலை செய்ய வேண்டும். இரண்டையும் ஒன்றாக முயன்றால் வரும் பிழை எதனுடையது என்று தெரியாமல் முழிக்க நேரிடும்.

எஸ்எஸ்எச்-கீஜென் கட்டளையால் ஈடி25519 வகைக் கீ ஒன்றை உருவாக்கி, எஸ்எஸ்எச்-காப்பி-ஐடி மூலம் சர்வரில் சேருங்கள். கீ சரியாக இருந்தும் பாஸ்வேர்டு கேட்டால் சர்வர் பக்கத்து அனுமதிகளைப் பாருங்கள். டாட் எஸ்எஸ்எச் ஃபோல்டர் 700, ஆத்தரைஸ்டு கீஸ் ஃபைல் 600 என்று இருக்கட்டும். உங்கள் ஹோம் ஃபோல்டரில் மற்றவர்கள் எழுத முடிந்தாலும் சர்வர் கீயை ஏற்காது.

பிறகு லேப்டாப்பின் எஸ்எஸ்எச் கான்ஃபிக் ஃபைலில் சர்வருக்கு ஒரு குறும்பெயர் வையுங்கள்:

ஹோஸ்ட் சர்வர்
ஹோஸ்ட்நேம் 192.0.2.10
யூசர் டெவ்
போர்ட் 2222

முகவரி, போர்ட், பயனர் பெயர் மூன்றும் இங்கே போய்விட்டால் ஆர்சிங்க் கட்டளையில் அவற்றுக்கு வேலையில்லை. சர்வர் மாறினாலும் ஸ்கிரிப்டைத் தொட வேண்டாம்.

இன்னும் ஒரு சோதனை பாக்கி. சர்வரில் ட்ரூ என்ற, எதுவுமே செய்யாத கட்டளையை எஸ்எஸ்எச் வழியாக ஓட்டி, வெளியீட்டை ஒரு ஃபைலில் சேமியுங்கள்:

எஸ்எஸ்எச் சர்வர் ட்ரூ > சோதனை.டாட்

அந்த ஃபைலின் அளவு பூஜ்யம் பைட்டாக இருக்க வேண்டும். சர்வரின் ஷெல் தொடங்கும்போது படிக்கும் பாஷ்ஆர்சி ஃபைலில் யாராவது "வணக்கம்" என்று எக்கோ போட்டிருந்தால் அது இதில் வந்து விழும். ஆர்சிங்க்கின் இரு முனைகளும் பேசிக்கொள்வது இதே குழாய் வழியாகத்தான். அந்த வணக்கத்தை நெறிமுறைத் தகவல் என்று எண்ணிப் படித்துவிட்டு, நெறிமுறைப் பதிப்பு பொருந்தவில்லை, உன் ஷெல் சுத்தமாக இருக்கிறதா என்று கேட்டு நின்றுவிடும். செய்தியைப் படிப்பவர்கள் முதல் பாதியை மட்டும் பார்த்துவிட்டு ஆர்சிங்க்கை மறுபடி நிறுவக் கிளம்புவார்கள். தேவையில்லை. அந்த எக்கோவை, ஷெல்லில் ஆள் உட்கார்ந்து அடிக்கும்போது மட்டும் வரும்படி மாற்றுங்கள்.

## 4. அந்த ஒற்றைச் சாய்கோடு

அசல் ஃபோல்டரின் பெயருக்குப் பின்னால் சாய்கோடு இருந்தால் "உள்ளே இருப்பவற்றை அனுப்பு" என்று பொருள். இல்லாவிட்டால் "ஃபோல்டரையே தூக்கி அனுப்பு".

~/வேலை/செயலி/ என்பதை சர்வர்:வேலை/செயலி/ என்ற இடத்துக்கு அனுப்பினால் எல்லாம் நேருக்கு நேர் போய் உட்காரும். இடப்பக்கச் சாய்கோட்டை விட்டுவிட்டால் அங்கே வேலை/செயலி/செயலி என்று கூடுதலாக ஒரு அடுக்கு முளைக்கும். பழைய கோடு வெளி அடுக்கிலேயே இருக்கும், பில்டும் அதையே எடுத்துக்கொள்ளும், என்ன மாற்றினாலும் சர்வரில் தெரியவில்லை என்று குழம்புவீர்கள். வலப்பக்கச் சாய்கோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஃபோல்டர்களைப் பொறுத்தவரை வித்தியாசமில்லை. இரண்டு பக்கமும் போட்டுவிடுவது என்று பழகிக்கொண்டால் யோசிக்கவே வேண்டாம்.

வலப்பக்கப் பாதை சாய்கோட்டில் தொடங்காவிட்டால் அது சர்வரில் உங்கள் ஹோம் ஃபோல்டரிலிருந்து கணக்காகும். கடைசி ஒரு அடுக்கு இல்லாவிட்டால் ஆர்சிங்க் உருவாக்கிக்கொள்ளும். அதற்கு மேலே உள்ளவையும் இல்லையென்றால் பிழை வரும். 3.2.3 பதிப்பிலிருந்து இதற்கென்று --எம்கேபாத் ஆப்ஷன் உண்டு. நான் அதைப் போடுவதில்லை. பாதையில் எழுத்துப் பிழை இருந்தால் பிழை வந்து தெரியட்டும். புது ஃபோல்டர் ஒன்று சத்தமில்லாமல் உருவாகிவிட வேண்டாம்.

## 5. விலக்குப் பட்டியல்

எல்லாவற்றையும் அனுப்பினால் வேகம் குறையும், அது சின்ன விஷயம். சர்வருக்கே உரிய ஃபைல்களை லேப்டாப்பின் ஃபைல்கள் மிதித்துவிடும், அதுதான் பெரிய விஷயம். பில்ட் விளைவுகள், ஆப்ஜெக்ட் ஃபைல்கள், நோட் மாட்யூல்ஸ், பைத்தானின் வென்வ் ஃபோல்டர் ஆகியவை போகக் கூடாது. வென்வுக்குள் லேப்டாப்பின் முழுப் பாதைகள் எழுதப்பட்டிருக்கும். நோட் மாட்யூல்ஸுக்குள் உங்கள் இயங்குதளத்துக்கென்றே கம்பைல் ஆனவை இருக்கலாம். வேறு கணினியில் அவை ஓடாது. கடவுச்சொற்கள் இருக்கும் டாட் என்வ் ஃபைலும் பட்டியலில் இருக்கட்டும், ஒவ்வொரு கணினிக்கும் அது வேறு.

இவற்றை விலக்கு.டெக்ஸ்ட் என்ற ஃபைலில் வரிக்கு ஒன்றாக எழுதி, --எக்ஸ்க்ளூட்-ஃப்ரம் மூலம் கொடுங்கள். எழுதும்போது நினைவில் வைக்க வேண்டியவை:

வரியின் தொடக்கத்தில் சாய்கோடு இருந்தால், அனுப்பும் ஃபோல்டரின் உச்சியில் உள்ளதை மட்டும் குறிக்கும். கணினியின் ரூட்டை அல்ல. /பில்ட்/ என்றால் உச்சியில் இருக்கும் பில்ட் ஃபோல்டர் மட்டும். வெறும் பில்ட் என்று எழுதினால் எந்த ஆழத்தில் அந்தப் பெயர் இருந்தாலும் விலகிவிடும். உங்கள் சோர்ஸுக்குள்ளேயே பில்ட் என்ற பெயரில் ஒரு மாட்யூல் இருந்தால் அதுவும் சேர்ந்து போகாது. முழுப் பாதையை அதாவது /ஹோம்/டெவ்/ என்று தொடங்கி எழுதுபவர்கள் பலர். அந்த வரி எதோடும் பொருந்தாது, சும்மா இருக்கும்.

வரியின் முடிவில் சாய்கோடு இருந்தால் ஃபோல்டர்களை மட்டும் குறிக்கும்.

மேலிருந்து கீழே படிக்கும்போது முதலில் பொருந்தும் விதியே செல்லும். கிட்டின் விலக்குப் பட்டியலான கிட்இக்னோரில் கடைசியில் பொருந்தும் விதி செல்லும். அதனால் கிட்இக்னோர் ஃபைலை அப்படியே ஆர்சிங்க்குக்குக் கொடுப்பது எளிய பட்டியல்களுக்குத்தான் ஒத்துவரும். ஆச்சரியக்குறி போட்டு விதிவிலக்கு எழுதியிருந்தால் எதிர்பார்த்தது நடக்காது. தனிப் பட்டியல் வைப்பது கொஞ்சம் இரட்டை வேலைதான், ஆனால் நிம்மதி.

இன்னொன்றும் உண்டு, பட்டியலைக் கவனமாக எழுதச் சொல்வதே அதற்காகத்தான். விலக்கப்பட்டவை அனுப்பப்படாது என்பது மட்டுமல்ல, பின்னால் --டெலீட் சேர்க்கும்போது சர்வரில் அவை அழிபடாமலும் காக்கப்படும். சர்வரின் பில்ட் ஃபோல்டரும் டாட் என்வும் பிழைத்திருப்பது இந்தப் பட்டியலால்தான். --டெலீட்-எக்ஸ்க்ளூடட் என்று ஓர் ஆப்ஷன் இருக்கிறது. அது அந்தக் காவலை எடுத்துவிடும். பெயர் கிட்டத்தட்ட ஒன்று போல இருப்பதால் தவறிப் போட்டுவிடாதீர்கள்.

## 6. வெள்ளோட்டம்

இப்போது முழுக் கட்டளை, ஆனால் எதையும் தொடாமல்:

ஆர்சிங்க் --ஆர்கைவ் --நோ-ஓனர் --நோ-க்ரூப் --எக்ஸ்க்ளூட்-ஃப்ரம்=விலக்கு.டெக்ஸ்ட் --ட்ரை-ரன் --ஐட்டமைஸ்-சேஞ்சஸ் ~/வேலை/செயலி/ சர்வர்:வேலை/செயலி/

--ஆர்கைவ் என்பது உட்ஃபோல்டர்கள், சிம்லிங்க், அனுமதி, நேரம், உரிமையாளர் எல்லாவற்றையும் சேர்த்துக் காக்கும் கூட்டு ஆப்ஷன். உரிமையாளரும் குழுவும் கணினிக்குக் கணினி வேறு என்பதால் அந்த இரண்டை மட்டும் கழற்றிவிடுகிறோம். கழற்றுவது --ஆர்கைவுக்குப் பின்னால் வர வேண்டும். முன்னால் எழுதினால் பின்னால் வரும் --ஆர்கைவ் மறுபடி போட்டுவிடும்.

--ட்ரை-ரன் என்ன நடக்கும் என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளும். --ஐட்டமைஸ்-சேஞ்சஸ் ஏன் நடக்கும் என்று சொல்லும். ஒவ்வொரு ஃபைலின் முன்னாலும் வரும் புதிரான எழுத்துக் கோவையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். முதல் குறி திசை. அடுத்த எழுத்து எஃப் என்றால் ஃபைல், டி என்றால் ஃபோல்டர். பின்னால் வரிசையாகக் கூட்டல் குறிகள் இருந்தால் அங்கே இல்லாத புது ஃபைல். ஏற்கெனவே இருப்பது என்றால் எது வேறுபடுகிறதோ அதன் எழுத்து மட்டும் தெரியும்: அளவுக்கு எஸ், நேரத்துக்கு டைமின் முதல் எழுத்து, அனுமதிக்குப் பெர்மிஷனின் முதல் எழுத்து.

இதைப் படிக்கத் தெரிந்துகொண்டால் பாதிச் சிக்கல்கள் இங்கேயே தெரிந்துவிடும். சர்வரில் ஏற்கெனவே நகல் இருந்தும் எல்லா ஃபைலும் புதியது என்று வந்தால் சாய்கோடு தவறியிருக்கிறது. எல்லாவற்றிலும் அனுமதி மட்டும் வேறுபட்டால் விண்டோஸ் டிரைவிலிருந்து அனுப்புகிறீர்கள். எல்லாவற்றிலும் நேரம் மட்டும் வேறுபட்டால், இரண்டு கணினியிலும் தனித்தனியாகக் கிட் க்ளோன் செய்திருப்பீர்கள். கிட் ஃபைலின் பழைய நேரத்தைக் காப்பதில்லை, க்ளோன் செய்த கணத்தைத்தான் பதியும். அளவும் நேரமும் பொருந்தினால் தாண்டிப் போவது, இல்லாவிட்டால் அனுப்புவது என்பதே ஆர்சிங்க்கின் வழக்கம் என்பதால் எல்லாமே மாறியதாகத் தெரிகிறது. பரவாயில்லை, ஒரு முறை ஓடினால் நேரங்கள் சரியாகிவிடும். இதற்காக --செக்சம் போட்டு அதை நிரந்தரமாகவே விட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு முறையும் இரு பக்கமும் எல்லா ஃபைலையும் முழுசாகப் படிக்க வைக்கும் ஆப்ஷன் அது.

## 7. முதல் ஓட்டம், உடனே இரண்டாம் ஓட்டம்

வெள்ளோட்டப் பட்டியல் எதிர்பார்த்தபடி இருந்தால் --ட்ரை-ரன்னை மட்டும் எடுத்துவிட்டு ஓட்டுங்கள். --டெலீட் இன்னும் வேண்டாம். நெட்வொர்க் மெதுவாக இருந்தால் --கம்ப்ரஸ் சேர்க்கலாம். கோடு எழுத்துதானே, நன்றாகச் சுருங்கும். ஒரே லேனில் (உள் நெட்வொர்க்கில்) இருக்கும் கணினிகளுக்கு அதனால் பலனில்லை.

முடிந்ததும், எதையும் மாற்றாமல், அதே கட்டளையை இன்னொரு முறை ஓட்டுங்கள். ஒரு வரிகூட வரக் கூடாது. அமைப்பு சரியா என்று அறிய எனக்குத் தெரிந்த நம்பகமான சோதனை இது. அதே ஃபைல்கள் மறுபடி மறுபடி வந்தால் காரணம் பெரும்பாலும் ஃபைல் சிஸ்டத்தில் இருக்கும்.

ஒரு பக்கம் ஃபேட் வகை பென்டிரைவோ கார்டோ என்றால் அது நேரத்தை 2 நொடித் துல்லியத்தில்தான் பதியும். நேரம் எப்போதும் ஒத்துப்போகாது. --மாடிஃபை-விண்டோ=1 கொடுத்தால் அந்த வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்ளும். பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டில் மட்டும் பிரியும் இரண்டு ஃபைல்கள் லினக்ஸில் இருந்து, நகல் மேக்கிலோ விண்டோஸிலோ இருந்தால் ஒன்றின் மேல் ஒன்று எழுதிக்கொண்டே இருக்கும். பெயரை மாற்றுவதுதான் வழி.

தமிழில் ஃபைல் பெயர் வைப்பவர்களுக்கு மட்டும் ஒன்று. "கொ" என்ற எழுத்தின் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். பழைய மேக்குகளின் எச்எஃப்எஸ் பிளஸ் ஃபைல் சிஸ்டம் பெயரை எப்போதும் பிரித்துத்தான் பதியும். கண்ணுக்கு ஒரே பெயர், ஆர்சிங்க்குக்கு இரண்டு வேறு ஃபைல்கள். மேக்கில் --ஐகான்வ்=யூடிஎஃப்-8-மேக்,யூடிஎஃப்-8 கொடுத்தால் சரியாகும்; அந்த ஆப்ஷன் உள்ள பதிப்பாக இருக்க வேண்டும்.

## 8. இப்போதுதான் --டெலீட்

இது இல்லாமலும் காலம் தள்ள முடியாது. ஒரு ஃபைலின் பெயரை மாற்றினால் சர்வரில் பழைய பெயரிலும் அது இருக்கும். நீங்கள் அழித்த டெஸ்ட் அங்கே இன்னும் ஓடித் தோற்கும். அதைவிட மோசம், நீக்கிய பைத்தான் மாட்யூலை இன்னும் எங்கோ இம்போர்ட் செய்திருப்பது சர்வரில் தெரியவே வராது, வேலை செய்துகொண்டே இருக்கும்.

--டெலீட் சேர்த்ததும் மறுபடி வெள்ளோட்டம். அழிக்கப்போகும் ஒவ்வொன்றும் நட்சத்திரக் குறியோடு தனி வரியில் வரும். அவற்றை மட்டும் நிதானமாகப் படியுங்கள். சர்வரில் மட்டுமே இருக்க வேண்டிய ஏதாவது அதில் தென்பட்டால் விலக்குப் பட்டியலில் சேர்த்துவிட்டு மீண்டும் பாருங்கள்.

பேரழிவு எப்படி வரும் என்றால், அசல் ஃபோல்டர் காலியாக இருக்கும்போது வரும். வெளி டிரைவில் கோடு இருக்கிறது, டிரைவ் மவுண்ட் ஆகவில்லை, மவுண்ட் செய்யும் இடம் மட்டும் காலி ஃபோல்டராக இருக்கிறது. ஆர்சிங்க்கைப் பொறுத்தவரை நீங்கள் எல்லாவற்றையும் அழித்துவிட்டீர்கள், அதுவும் அழித்துவிடும். இன்னொரு வழி ஷெல் மாறி: பாதையை ஒரு மாறியில் வைத்து, பின்னால் சாய்கோடு போட்டிருக்கிறீர்கள், மாறியின் பெயரில் எழுத்துப் பிழை. மிஞ்சுவது வெறும் சாய்கோடு, அதாவது உங்கள் கணினியின் ரூட்.

இதற்கு மூன்று தடுப்புகள், மூன்றையும் போடுங்கள். ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் செட் -யூ. மதிப்பில்லாத மாறி வந்தால் அங்கேயே நின்றுவிடும். அடுத்து, ஆர்சிங்க்குக்கு முன்னால் மேக்ஃபைல் போல எப்போதும் இருக்கும் ஒரு ஃபைல் அசலில் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் வெளியேறுங்கள். மூன்றாவது --மேக்ஸ்-டெலீட்=50 போல ஒரு வரம்பு. அதைத் தாண்டினால் மேற்கொண்டு அழிக்காமல் 25 என்ற குறியீட்டோடு முடியும். பெரிய ரீஃபேக்டரிங் செய்த அன்று இது குறுக்கே வரும், அன்றைக்கு மட்டும் கையால் கூட்டிக்கொள்ளலாம்.

அழிபடுவதை ஓரிடத்தில் சேர்த்துவைக்க --பேக்கப், --பேக்கப்-டிர் இரண்டையும் சேர்த்துக் கொடுக்கலாம். அந்த பேக்கப் ஃபோல்டரை நகலுக்குள்ளேயே வைத்துவிட்டு விலக்குப் பட்டியலில் சேர்க்க மறந்தால், அசலில் இல்லாத ஃபோல்டர் என்று அதுவும் அழியக்கூடும். நகலுக்கு வெளியே, முழுப் பாதையோடு வையுங்கள்.

## 9. ஸ்கிரிப்டில் அடக்குங்கள்

டெர்மினல் ஹிஸ்டரியிலிருந்து மேல் அம்புக்குறியால் கட்டளையை எடுத்து ஓட்டும் பழக்கம் ஆபத்து. என்றாவது பழைய, வேறு ஃபோல்டருக்கான வரி வந்து நிற்கும். எல்லாவற்றையும் ஒரு ஸ்கிரிப்டில் வைத்து, அதைக் கோடோடு கோடாகக் கிட்டில் சேருங்கள்.

ஸ்கிரிப்டைச் சும்மா ஓட்டினால் வெள்ளோட்டம் மட்டும் நடக்கட்டும், "செய்" என்று ஒரு சொல் கொடுத்தால்தான் உண்மையில் ஓடட்டும். விலக்குப் பட்டியலின் பாதையை முழுப் பாதையாக எழுதுங்கள். அது நீங்கள் நிற்கும் ஃபோல்டரிலிருந்து கணக்காகும் என்பதால் வேறு இடத்திலிருந்து ஓட்டினால் கிடைக்காது.

## 10. தானாக ஓட வைப்பது

இந்தப் படி தேவையா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பில்டுக்காகத்தான் ஒத்திசைக்கிறீர்கள் என்றால், பில்ட் கட்டளைக்கு முன்னால் ஒத்திசைவை ஒரு வரியாகச் சேர்த்துவிட்டால் போதும். தேவைப்படும்போது, சரியான வரிசையில் நடக்கும். தானாக ஓடும் ஒத்திசைவு பில்ட் பாதியில் இருக்கும்போது குறுக்கே வந்தால் பழைய ஃபைலும் புதிய ஃபைலும் கலந்து கம்பைல் ஆகும். ஆர்சிங்க் ஒவ்வொரு ஃபைலையும் தற்காலிகப் பெயரில் முழுசாக எழுதிவிட்டுத்தான் பெயர் மாற்றுகிறது, ஆகவே அரைகுறை ஃபைல் இருக்காது. ஆனால் ஃபைல்களுக்கு இடையே அந்த உத்தரவாதம் இல்லை. --டிலே-அப்டேட்ஸ் அந்த இடைவெளியைச் சுருக்கும், ஒழிக்காது.

கிரான்தான் வேண்டும் என்றால்: கிரானுக்குள் கீயை நினைவில் வைத்திருக்கும் எஸ்எஸ்எச் ஏஜென்ட் இருக்காது, நிரல்களைத் தேடும் இடங்களைச் சொல்லும் பாத் மாறியும் குட்டியாக இருக்கும். டெர்மினலில் ஓடும் ஸ்கிரிப்ட் கிரானில் ஓடாததற்குப் பெரும்பாலும் இந்த இரண்டும்தான் காரணம். பாஸ்ஃப்ரேஸ் இல்லாத தனி கீ ஒன்றை இதற்கென்று வைத்து, சர்வரின் ஆத்தரைஸ்டு கீஸ் ஃபைலில் அந்த வரியின் முன்னால் ரெஸ்ட்ரிக்ட் என்றும், ஒரு ஃபோல்டருக்குள் மட்டும் ஆர்சிங்க்கை அனுமதிக்கும் ஆர்ஆர்சிங்க் ஸ்கிரிப்டைக் கட்டளையாகவும் எழுதிவிடுங்கள். கீ திருடுபோனாலும் அந்த ஒரு ஃபோல்டரைத் தாண்டிப் போக முடியாது. நகலின் பாதை அப்போது அந்த ஃபோல்டரிலிருந்து கணக்காகும், அதற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள். எஸ்எஸ்எச்சின் பேட்ச்மோடை யெஸ் என்று வைத்தால் பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டு தொங்காது. ஒரு ஓட்டம் முடியுமுன் அடுத்தது தொடங்காமல் இருக்க எஃப்லாக் -என் வழியாக ஓட்டுங்கள்.

சேமித்தவுடன் போக வேண்டும் என்றால் லினக்ஸில் எல்சிங்க்டி இருக்கிறது. மாற்றங்களைக் கவனித்து, சேர்த்துவைத்து, வழக்கமாக 15 நொடிக்கு ஒருமுறை ஆர்சிங்க்கை அழைக்கும். இரண்டு விஷயம்: இதில் டெலீட் இயல்பாகவே இயக்கத்தில் இருக்கும், நீங்கள் கேட்காமலே அழிக்கும். இன்னொன்று, ஒவ்வொரு ஃபோல்டருக்கும் ஒரு ஐநோட்டிஃபை (ஃபைல் மாற்றத்தை அறிவிக்கும் கெர்னல் வசதி) கண்காணிப்பு தேவை. நோட் மாட்யூல்ஸ் இருக்கும் திட்டத்தில் கெர்னலின் உச்சவரம்பைச் சுலபமாகத் தாண்டும். மேக்ஸ் யூசர் வாட்சஸ் என்ற கெர்னல் அமைப்பைக் கூட்ட வேண்டிவரும்.

ஆர்சிங்க்கை டீமனாக (எப்போதும் பின்னணியில் ஓடும் சேவையாக) 873 போர்ட்டில் ஓட்டும் முறையும் உண்டு. அது பலரும் எடுத்துப்போகும் பொது மிரர்களுக்கு ஏற்றது. அதில் தகவல் மறைகுறியாக்கம் இல்லாமல் போகும், அதனால் சொந்தக் கோடுக்கு எஸ்எஸ்எச்தான்.

## 11. பிழை வந்தால்

கடைசி வரியில் ஒரு எண் இருக்கும், அதிலிருந்து தொடங்குங்கள்.

255 என்றால் எஸ்எஸ்எச்சே தோற்றுவிட்டது. 3-ஆம் படிக்குத் திரும்புங்கள், ஆர்சிங்க்கில் தேட வேண்டாம்.

127 என்றால் மறுமுனையில் ஆர்சிங்க் கிடைக்கவில்லை. நிறுவியிருந்தும் இப்படி வந்தால், உள்ளே நுழையாமல் கட்டளை ஓட்டும்போது சர்வரின் பாத் வேறாக இருக்கிறது. --ஆர்சிங்க்-பாத் மூலம் முழு இடத்தைச் சொல்லுங்கள்.

12 என்றால் பேச்சு பாதியில் அறுந்தது. இது விளைவுதான், காரணம் அதற்கு மேலே உள்ள வரியில் இருக்கும். சர்வரில் டிஸ்க் நிறைந்திருப்பது அடிக்கடி காணும் காரணம்.

23 என்றால் சில ஃபைல்கள் போகவில்லை, மற்றவை போய்விட்டன. பெரும்பாலும் அனுமதிச் சிக்கல். யாரோ சர்வரில் சூடோ போட்டு பில்ட் செய்திருப்பார்கள், சில ஃபோல்டர்கள் ரூட்டுக்குச் சொந்தமாகியிருக்கும். உரிமையைத் திருப்பி மாற்றினால் போதும். ஆர்சிங்க்கையும் சூடோவில் ஓட்டப் போகாதீர்கள், அடுத்த முறை இன்னும் பல ஃபைல்கள் ரூட்டுக்குப் போகும். அசலைப் படிப்பதில் பிழை நேர்ந்திருந்தால், பாதுகாப்புக்காக அந்த ஓட்டத்தில் ஆர்சிங்க் அழிக்கும் வேலையையும் செய்யாது. --டெலீட் இருந்தும் ஏன் அழியவில்லை என்ற கேள்விக்கு இதுவே பதிலாக இருக்கலாம்.

24 என்றால் பட்டியல் எடுத்தபோது இருந்த ஃபைல் அனுப்பப் போகும்போது இல்லை. எடிட்டரின் தற்காலிக ஃபைலாக இருந்தால் அந்தப் பெயர் வடிவத்தை விலக்குப் பட்டியலில் சேருங்கள். மற்றபடி ஸ்கிரிப்டில் இந்த எண்ணை வெற்றி என்றே கணக்கிடலாம்.